கைமாறிய கிளியும் அதன் நம்பிக்கையும்

திருவனந்தபுரத்தினின்று நாகர்கோவிலை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை நெய்யாற்றின்கரையையும் பாறசாலையையும் கடந்து, களியக்காவிளைக்கருகில் கேரளத்தை விட்டுத் தமிழ்நாட்டிற்குள் புகுகின்றது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் மாநிலங்கள் மொழிவழி அமைக்கப்பெற்றபோது விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்துடன் சேர்ந்தது. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. ஆயினும் எல்லையின் இருமருங்கிலும் உள்ள ஊர்களில் தமிழும் மலையாளமும் ஒரே முற்றத்தில் வழங்குகின்றன. ஒருவர் ‘கிளி’ என்பதை மற்றவர் ‘தத்த’ என்பர். அது பழந்தமிழில் வழங்கிய ‘தத்தை’ என்னும் சொல்லே ஆகும்.

இவ்வூர்களில் பணியாற்றும் களப்பணியாளரிடமும் ஆசிரியரிடமும் இருவகைக் கிளிகள் வந்து சேர்தல் கூடும். ஒன்று, பட்டுப்போன தென்னையின் பொந்திலிருந்து விழுந்த பச்சைக்கிளிக் குஞ்சு. மற்றொன்று, உரிமையாளர் வெளிநாட்டிற்குப் பணிக்குச் சென்றதாலோ, நோயுற்றதாலோ, இறந்ததாலோ வேறொரு வீட்டிற்குக் கைமாறிய அயல்நாட்டுக் கிளி. இரண்டையும் கொண்டு வருவோர் கேட்கும் வினா ஒன்றே: “இதனை எவ்வாறு பழக்குவது?” ஆனால் இரண்டிற்கும் விடை ஒன்றன்று. அவ்வேறுபாட்டை விளக்குவதும், கைமாறிய கிளியின் நம்பிக்கையைப் பெறும் முறையைக் கூறுவதும் இப்பாடத்தின் நோக்கமாகும்.

சட்டம் கூறுவது

நம் நாட்டிற்குரிய கிளியினங்கள் யாவும் 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்பெறுவன. செந்தார்ப் பைங்கிளி, பெரிய பச்சைக்கிளி, செந்தலைக்கிளி, மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய நீலப் பைங்கிளி ஆகியவற்றைப் பிடிப்பதும், விற்பதும், கூண்டில் அடைத்து வைப்பதும் குற்றமாகும். நெடுங்காலப் பழக்கம் என்பது இதற்கு விலக்காகாது. 2024 ஏப்ரலில் கடலூரில் கிளி ஜோதிடத்திற்காக வைத்திருந்த கிளிகளை வனத்துறையினர் கைப்பற்றியது இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. இச்சட்டம் நாடு முழுமைக்கும் உரியது; ஆதலின் களியக்காவிளையைக் கடந்து அப்பால் கொண்டு செல்வதால் குற்றம் நீங்கிவிடுவதில்லை.

அயல்நாட்டுக் கிளிகளின் நிலை வேறு. 2022-ஆம் ஆண்டு நிறைவேறி 2023 ஏப்ரல் 1-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, உலக நாடுகளின் வனவுயிர் வாணிப உடன்படிக்கையில் இடம்பெற்ற இனங்கள் சட்டத்தின் நான்காம் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அவற்றை வைத்திருப்போர் பதிவு செய்துகொள்ள வேண்டிய முறையை 2024 பிப்ரவரியில் மத்திய அரசு வெளியிட்ட விதிகள் வகுத்துள்ளன. பறவையை உடைமையாக வைத்திருத்தல் மட்டுமன்றி, அது பிறருக்கு மாறுதலும், குஞ்சு பொரித்தலும், இறத்தலும் தெரிவிக்கப்படல் வேண்டும். வால் சிவந்த ஆப்பிரிக்கச் சாம்பற் கிளி இவ்வட்டவணையைச் சேர்ந்தது. ஆதலின் ஒரு கிளி கைமாறும்பொழுது கூண்டு, கிண்ணம் முதலியவற்றுடன் பதிவுத்தாளும் கைமாற வேண்டும்.

கைமாறிய பறவையின் நிலை

எடுத்துக்காட்டாக, பாறசாலையை அடுத்த ஓர் ஊரில் ஒரு குடும்பத்தை எண்ணிக்கொள்வோம். மகன் பத்தாண்டுகளாக ஒரு சாம்பற் கிளியை வளர்த்து வந்தான். அவன் வளைகுடா நாட்டிற்குச் செல்ல நேர்ந்தபொழுது, கிளி எல்லைக்கப்பால் வாழும் அவன் அத்தையின் வீட்டிற்கு வந்தது. அத்தை அன்புடையவள், முதல் நாளே கொய்யாத் துண்டைக் கையிலேந்திக் கூண்டினுள் நீட்டினாள். கிளி உறுமியது, பின்வாங்கியது, மூன்றாம் முறை கடித்தது. ஒரு வாரத்திற்குள், “இது பொல்லாத கிளி” என்னும் பெயர் அதற்கு ஏற்பட்டுவிட்டது.

இங்கு நேர்ந்தது யாது? கிளிகள் கூட்டமாக வாழும் இயல்பின. துணையோடு நெடுநாள் பிணைப்புக் கொள்வன. கூண்டுக் கிளிக்கு அவ்வீட்டாரே கூட்டம். அவன் குரலும், காலையில் கதவு திறக்கும் ஓசையும், உணவு வரும் வேளையும் அதன் உலகமாக இருந்தன. அவை அனைத்தும் ஒரே நாளில் மறைந்தன. கூட்டத்தை இழந்து, அறியாத இடத்தில், தப்பிச் செல்ல வழியின்றி நிற்கும் பறவையின் முன் அறிமுகமற்ற ஒரு கை நீள்கின்றது. பொல்லாமை என்று அத்தை கண்டது உண்மையில் அச்சமேயாகும்.

சாம்பற் கிளி நாற்பது ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. ஆதலின் அதன் வாழ்நாளில் ஒருமுறையேனும் கைமாறுதல் அரிய நிகழ்ச்சியன்று. பலமுறை கைமாறிய கிளிகளும் உண்டு. ‘பொல்லாதது’ எனப் பெயர் பெற்ற கிளி மீண்டும் மீண்டும் கைமாறும். ஒவ்வொரு மாற்றமும் அதன் அச்சத்தை மிகுவிக்கும். எனவே முதற்சில வாரங்களில் நாம் நடந்துகொள்ளும் முறை அதன் எஞ்சிய வாழ்நாளையே தீர்மானிப்பதாகலாம்.

விலகு தூரம்

சுவிட்சர்லாந்து நாட்டு விலங்கியலாரான ஹைனி ஹெடிகர் விலங்குக் காட்சிசாலைகளின் இயக்குநராகப் பணியாற்றியவர். சிறைப்பட்ட விலங்குகளைப் பற்றி 1942-இல் வெளியிட்ட நூலில் அவர் ஒரு கருத்தை விளக்கினார். ஒவ்வொரு காட்டு விலங்கும் பகையெனக் கருதும் உயிர் எவ்வளவு தொலைவிற்குள் வந்தால் ஓடத் தொடங்குமோ, அத்தொலைவே அதன் விலகு தூரம். கூண்டில் அடைபட்ட உயிர்க்கு அத்தொலைவு கிட்டாவிடில் அது ஓயாத கலக்கத்தில் வாழும். ஓட வழியின்றேல் தாக்கும்.

அத்தையின் வீட்டில் நேர்ந்தது இதுவே. கிளியின் விலகு தூரம் எட்டடியாயிருக்க, கை எட்டங்குலத்தில் நின்றது. ஆகவே நம்பிக்கை என்பது புலனுக்கெட்டாத பொருளன்று, அதனை அளக்கலாம். கிளி கலங்காமல் உணவுண்ணும் நிலையில் மனிதர் எவ்வளவு அருகில் இருக்கக்கூடும் என்பதே அவ்வளவு. அந்தத் தொலைவைக் குறைக்க வேண்டியது கிளியே. அது குறைக்கத் துணியுமாறு ஒழுகுவதே மனிதரின் வேலை.

உடற்குறிகளை அறிதல்

கிளி தன் நிலையை உடலால் உணர்த்தும். இறகுகள் உடலோடு ஒட்டி, கழுத்து நீண்டு, பறவை மெலிந்து தோன்றினால் அஞ்சுகின்றது எனக் கொள்க. அசையாது உறைந்து நிற்றலும் அச்சமே; அதனை அடக்கமெனக் கருதுதல் தவறு. கருமணி விரைவாகச் சுருங்கி விரிதல் மனக்கிளர்ச்சியைக் காட்டும். அது மகிழ்ச்சியாகவும் சினமாகவும் இருக்கலாமாதலின் அவ்வேளையில் கையை நீட்டலாகாது. வாயைத் திறத்தல், உறுமுதல், உடலைப் பின்னுக்குச் சாய்த்தல் ஆகியவை எச்சரிக்கைகள். ஒரு காலை மடித்து நிற்றல், இறகுகளைக் கோதுதல், அலகை மெல்ல அரைத்தல், உடலைச் சிலிர்த்து உதறுதல் ஆகியவை பெரும்பாலும் அமைதியின் குறிகள். ஆனால் பகல் முழுவதும் இறகுகளை உப்பிக்கொண்டு, கண் சொருகி, உணவு கொள்ளாதிருத்தல் நோயின் அறிகுறி.

கடி என்பது இவ்வரிசையின் இறுதிச் சொல். சிறிய எச்சரிக்கைகளை மதியாத இடத்தில் பறவை கடிக்கக் கற்கின்றது. கடித்தவுடன் கூச்சலிடுவதும், அடிப்பதும், கூண்டைக் குலுக்குவதும் அச்சத்தையே வளர்க்கும். அமைதியாக விலகி, எந்த எச்சரிக்கையைக் காணத் தவறினோம் என்று எண்ணிப் பார்த்தலே முறையாகும்.

நம்பிக்கை பெறும் படிகள்

முதற்படி, இடம் தருதல். பழைய கூண்டையும், பழைய கிண்ணங்களையும், அமர்ந்து பழகிய கிளைகளையும் மாற்றாமல் வைத்துக்கொள்க. கூண்டின் ஒரு பக்கமேனும் சுவரையொட்டி இருத்தல் வேண்டும்; பின்புறத்திலிருந்து யாரும் வாரார் என்னும் உறுதி பறவைக்குத் தேவை. அடுக்களையில் கூண்டை வைத்தல் ஆகாது. ஒட்டாத பூச்சுள்ள சட்டி மிகையாகச் சூடேறும்போது எழும் ஆவி பறவைகளைச் சிறிது நேரத்தில் கொல்லவல்லது. முதற்சில நாட்களில் உணவும் நீரும் வைத்து, மெல்லிய குரலில் ஓரிரு சொற்கள் பேசுவதோடு நிறுத்திக்கொள்ளலாம். இரவில் பத்து முதல் பன்னிரண்டு மணி நேரம் இருளும் அமைதியும் வேண்டும்.

இரண்டாம் படி, தூரத்தை அறிதல். கிளி உண்ணுவதை நிறுத்தாத தொலைவில் பக்கவாட்டாக அமர்க. இரு கண்களாலும் நேரே உற்றுநோக்குதல் இரைகொள்ளும் விலங்கின் செயல். பக்கங்களில் கண்களையுடைய கிளி அதனை அச்சத்தோடு நோக்கும். செய்தித்தாள் படித்தல், காய் நறுக்குதல் போன்ற ஏதேனும் ஒரு வேலையைச் செய்துகொண்டிருக்கலாம். பறவை அமைதியின் குறிகளைக் காட்டிய பின், மறுநாள் ஒரு சாண் அருகில் அமர்க. அது கலங்கினால் முன்னைய இடத்திற்கே திரும்புக.

மூன்றாம் படி, வருகையை நன்மையாக்குதல். மணியோசையைத் தொடர்ந்து உணவு வந்தால் நாளடைவில் மணியோசைக்கே நாய் உமிழ்நீர் சுரக்கும் என்பதை ருஷ்ய விஞ்ஞானி பாவ்லவின் ஆராய்ச்சிகளால் அறிவோம். அவ்விதியே இங்கும் பொருந்தும். கூண்டைக் கடந்து செல்லும்போதெல்லாம் கிளி மிக விரும்பும் ஒரு துண்டைக் கிண்ணத்திலிட்டு, நில்லாமல் அகல்க. நன்மை தந்த மனிதர் உடனே விலகிச் செல்வதும் அஞ்சிய பறவைக்கு ஒரு பரிசே. சில நாட்களில் காலடியோசை கேட்டவுடன் கிளி கிண்ணத்தருகே வந்து நிற்கக் காணலாம்.

நான்காம் படி, கையிலிருந்து பெறுதல். நீண்ட துண்டாக நறுக்கிய கொய்யாவையோ கோவைப்பழத்தையோ கம்பியிடையே நீட்டி, கிளி வந்து எடுக்கும்வரை அசையாது காத்திருக்க. அது வாராவிடில் துண்டைக் கிண்ணத்திலிட்டு விலகுக. உணவை மறைத்துப் பட்டினியிட்டுப் பணிய வைத்தல் கூடாது. பசியால் வருவது நம்பிக்கையாகாது.

ஐந்தாம் படி, செயலைக் கற்பித்தல். ஒரு சிறு கோலின் நுனியைக் கிளி அலகால் தொட்டவுடன் பரிசு தருக. நற்பயன் தொடரும் செயலை உயிர்கள் மீண்டும் செய்யும் என்பதை அமெரிக்க உளவியலாரான ஸ்கின்னர் எலிகளையும் புறாக்களையும் கொண்டு ஆராய்ந்து காட்டினார். கோலைத் தொடக் கற்ற கிளி, அதனைப் பின்பற்றிக் கதவருகே வரும். பின்னர்க் கிளையில் ஏறும். இறுதியில் கையில் ஏறும். ஒவ்வொரு பயிற்சியும் சில நிமிடங்களே நீடிக்க வேண்டும். கிளி சலிப்படையும் முன் நிறுத்திவிட வேண்டும்.

இவை எத்தனை நாட்களில் முற்றுப்பெறும் என்று வரையறுத்துக் கூறல் இயலாது. ஒரு கிளிக்கு வாரங்கள் போதும். மற்றொன்றுக்கு மாதங்கள் செல்லும். சில கிளிகள் கையில் ஏறாமலே அமைதியாக வாழும். போர்வையால் மூடிப் பிடித்து, துடிப்பு அடங்கும்வரை கையில் இறுக்கி வைத்துப் ‘பழக்கும்’ முறையைச் சிலர் இன்றும் கையாளுகின்றனர். அங்ஙனம் அடங்கிய பறவை நம்பவில்லை. முயன்று பயனில்லை எனக் கற்றுக்கொண்டது. மேலும் பறவைகட்கு நம்மைப்போல் உதரவிதானம் இல்லை. மார்பு விரிந்து சுருங்கியே மூச்சு நிகழ்கின்றது. ஆகவே மார்பை இறுகப் பற்றினால் மூச்சடைத்து இறக்கவும் கூடும்.

சொல்லும் அழைப்பும்

கூட்டத்திலுள்ள கிளிகள் ஒன்றையொன்று காணாதபோது அழைப்பொலியால் தொடர்பு கொள்கின்றன. வெனிசுவேலா நாட்டிலுள்ள ஒரு சிறுகிளியினத்தில், பெற்ற பறவைகள் தத்தம் குஞ்சுகட்குத் தனித்தனி அழைப்பொலிகளைக் கற்பிக்கின்றன என்பது 2011-இல் வெளியான ஆராய்ச்சியால் விளங்கிற்று. வீட்டுக் கிளி மனிதச் சொற்களைக் கற்பதும் தன் கூட்டத்தோடு ஒலியால் இணையும் இவ்வியல்பினாலேயே ஆகும்.

எல்லை ஊர்களில் இதனை மறத்தலாகாது. நாம் கூறிய சாம்பற் கிளி பத்தாண்டுகளாக “வா மோனே” என்னும் மலையாள அழைப்பைக் கேட்டுப் பழகியது. தமிழ் வழங்கும் அத்தை வீட்டில் அது அச்சொல்லை ஓயாமல் கூவினால், நகைக்கத் தக்கதன்று. தன் கூட்டத்தைத் தேடுகின்றது என அறிக. அத்தை அதே சொல்லைத் திருப்பிச் சொல்லின், புதிய வீட்டில் ஒரு பழைய விடை கிடைக்கின்றது. ஆதலின் கிளியை ஒப்படைப்போரிடமிருந்து அது அறிந்த சொற்கள், உணவு வேளைகள், அஞ்சும் பொருள்கள் ஆகியவற்றை எழுதி வாங்குதல் நன்று.

பிறர் செய்வதைக் கண்டு கற்கும் திறனும் கிளிக்கு உண்டு. அமெரிக்க விஞ்ஞானி ஐரீன் பெப்பர்பெர்க் 1977-இல் ஒரு கடையில் வாங்கிய அலெக்ஸ் என்னும் சாம்பற் கிளி, 2007-இல் இறக்கும்வரை அவருடைய ஆராய்ச்சியில் பங்கேற்றது. ஏறத்தாழ ஐம்பது பொருள்களின் பெயர்களையும், நிறங்களையும், வடிவங்களையும், ஆறு வரையிலான எண்களையும் அது வேறுபடுத்திக் கூறியது. அவர் கையாண்ட முறையில் இரு மனிதர் கிளியின் முன் பொருளைக் காட்டிப் பெயர் வினவி, சரியாக விடை கூறியவர்க்கு அப்பொருளையே தருவர். கிளி அதனைக் கண்டு தானும் பங்கேற்க முன்வரும். இம்முறையை வீட்டிலும் எளிதாகக் கையாளலாம். அத்தை தன் மகளுக்குப் பழத்துண்டை நீட்ட, மகள் அமைதியாக வாங்கி உண்பதைக் கிளி தினமும் காணட்டும். நீளும் கை தீங்கு செய்வதன்று என்பதை அது தன் கண்ணாலேயே அறியும்.

உணவும் உடல்நலமும்

சூரியகாந்தி விதையை மட்டும் உண்டு வளர்ந்த கிளிகள் கொழுப்பு மிகுதியாலும் வைட்டமின் ஏ குறைவாலும் துன்புறும். பப்பாளி, பூசணி, முருங்கைக்கீரை, கோவைப்பழம், முளைகட்டிய பயறு ஆகியவை இவ்வூர்களில் எளிதிற் கிடைப்பன. உணவைத் திடீரென மாற்றாமல், பழகிய உணவோடு சிறிது சிறிதாகச் சேர்த்தல் வேண்டும். வெண்ணெய்ப்பழம், சாக்லேட், காப்பி, மது ஆகியவை கிளிக்கு நஞ்சு. உப்பிட்ட நேந்திரன் வறுவலும் ஆகாது. மிளகாயை அது விரும்பி உண்பதைக் கண்டு வியத்தல் வேண்டா. மிளகாயின் காரத்தைப் பறவைகள் உணர்வதில்லை.

புதிய கிளியைப் பிற பறவைகளினின்று சில வாரங்கள் பிரித்து வைத்து, கால்நடை மருத்துவரிடம் காட்டுக. கிளிக் காய்ச்சல் என்னும் நோய் உலர்ந்த எச்சத்தின் தூசியை முகர்வதால் மனிதர்க்கும் தொற்றும். கூண்டைத் துடைக்குமுன் நீர் தெளித்து நனைத்தலும், பின்னர்க் கைகழுவுதலும் இன்றியமையாதவை. கிளி வளர்ப்போர்க்குக் காய்ச்சலும் இருமலும் கண்டால் மருத்துவரிடம் கிளியைப் பற்றியும் கூற வேண்டும். கிளி தன் இறகுகளைத் தானே பறித்துக்கொள்ளின், நோய், தனிமை, செயலின்மை ஆகிய மூன்றையும் ஆராய்க.

பொந்திலிருந்து விழுந்த குஞ்சு

இனி, முதலில் கூறிய பச்சைக்கிளிக் குஞ்சிற்கு வருவோம். மேலே கூறிய படிகள் ஒன்றேனும் அதற்கு உரியதன்று. கைமாறிய அயற்கிளி இனி மனிதரோடுதான் வாழ வேண்டும். அதன் அச்சம் அதற்குச் சுமை. காட்டுக் குஞ்சு தன் கூட்டத்தோடு வாழ வேண்டும். அதன் அச்சமே அதற்குக் கவசம். மனிதர் கையில் உண்டு, மனிதரையே துணையெனக் கொண்ட குஞ்சு, விடப்பட்டபின் பூனையையும் மனிதரையும் கண்டு விலகாது. இரை தேடவும் தன்னினத்தோடு சேரவும் கற்றிராது. அன்பினால் செய்த பிழை அதன் உயிரைக் கொள்ளும்.

ஆதலின் காயமின்றிக் கீழே கிடக்கும் குஞ்சை, பொந்து எட்டுமிடத்தில் இருப்பின் அதிலேயே வைத்துவிட்டுத் தொலைவில் நின்று காண்க. மனிதர் கைபட்டதால் தாய்ப்பறவை ஒதுக்கிவிடும் என்பது வீண் நம்பிக்கை. மரம் விழுந்திருந்தாலோ, குஞ்சு காயமுற்றிருந்தாலோ, காற்றோட்டமுள்ள பெட்டியில் துணி விரித்து, இருளும் வெதுவெதுப்பும் அமையுமாறு வைத்து, காலம் தாழ்த்தாது வனத்துறையினரிடம் ஒப்படைக்க. வாயில் நீரையோ பாலையோ ஊற்றுதல் கூடாது. மூச்சுக்குழாயில் புகுந்து கொல்லும். பட்ட தென்னையையும் பனையையும் வெட்டுமுன் பொந்தில் குஞ்சுண்டா எனக் காணுமாறு உழவர்க்கு அறிவுறுத்தல் களப்பணியாளர் கடமையாகும்.

மாணவர்க்குரிய பயிற்சிகள்

1. பள்ளி முற்றத்திற்கு வரும் காகம், மைனா ஆகியவற்றின் விலகு தூரத்தை அடிக்கணக்கில் அளந்து எழுதுக. மெதுவாக நடந்தால், விரைந்து நடந்தால், நேரே நோக்கினால், பக்கம் நோக்கினால் அது எவ்வாறு மாறுகின்றது?

2. மாலையில் கூட்டமாகப் பறந்து செல்லும் கிளிகளின் நேரத்தையும் திசையையும் ஒரு வாரம் குறித்து வருக. மரப்பொந்துகளை நெருங்குதலும் தொடுதலும் கூடா.

3. கிளியுள்ள வீட்டினர், பெரியவர் ஒருவரின் துணையோடு, ‘தேதி, அமர்ந்த தூரம், கிளி காட்டிய குறி’ என்னும் மூன்று பத்திகளில் நாட்குறிப்பு எழுதி வருக.

மூன்றாவது குறிப்பு அத்தைக்கும் பயன்பட்டிருக்கும். எட்டடியில் தொடங்கிய கணக்கு, சில நாள் ஏறி, சில நாள் இறங்கி, மெல்ல மெல்லக் குறைந்து வருவதை அவள் தன் கையெழுத்திலேயே கண்டிருப்பாள். பொல்லாத கிளி என்று அதனை மீண்டும் ஒருவர் கைக்கு மாற்றும் எண்ணமும் எழுந்திராது.